பக்கத்து வீட்டு வைத்தியம்

காலை ஒன்பது மணிக்கு ஏழாம் வளைவில் காற்று நின்றது.

யாரும் பதறவில்லை. தினமும் நிற்பதுதான். நிலவின் தரைக்கு அடியில், என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைக்குள், ஆயிரத்து நானூறு பேருக்கு மூச்சு ஊட்டுகிற விசிறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. உணவுக்கூடத்தில் வாய்க்குப் போன பாசித் தோசை பாதி வழியில் நின்றது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு நாலோடு நின்றது. கைக்குழந்தைகளின் வாயில் இனிப்புக் குச்சி ஏறியது. சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டிகூட, விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வாயை மூடினார்கள். சட்டப் புத்தகத்தில் இதற்கு மௌனக் கண்காணிப்பு வேளை என்று பெயர். ஊரில் வாய்ப்பூட்டு என்பார்கள். மொத்தம் ஒன்பது நிமிஷம்.

அந்த ஒன்பது நிமிஷத்தில் நடமாட அனுமதி உள்ளவர்கள் பன்னிரண்டே பேர். அவர்களுக்குக் காதாள் என்று பெயர். வெறுங்காலோடு நடந்து, ஒட்டுச்செம்பு என்கிற சின்னச் செம்பைச் சுவரில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்துக் கேட்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிடம். எங்காவது ஊசிமுனை அளவு பொத்தல் விழுந்து காற்று வெளியேறினால், சுவர் 'உஸ்' என்று மெல்லச் சொல்லும். அழுத்தத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவை விழித்துக்கொள்வதற்குள் பொத்தலில் விரலே நுழைந்துவிடும். எந்திரன்களை விட்டும் பார்த்தார்கள். எந்திரனுக்கு அவன் வயிற்றில் சுற்றுகிற மோட்டாரின் சத்தமே பெரிய சத்தம். சுவர் பேசுவது அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? கடைசியில் மனுஷக் காதுதான் வேண்டியிருந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவள் சுயம்புக்கனி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பொய் சொல்லுகிற பிள்ளைகளை, "கனியக்காட்ட கூட்டிட்டுப் போவேன், அவ உன் நெஞ்சுல செம்ப வச்சா உண்மை கேட்டுரும்" என்று தாய்மார் மிரட்டுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கனிக்கு உள்ளூரக் குளிரும். அவளுக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் காதுதான். அழகு, பாட்டு, சமையல் எதிலும் அவள் பேர் வாங்கியதில்லை, வாங்க ஆசைப்பட்டதும் இல்லை.

அந்தக் காதில்தான் இப்போது வண்டு புகுந்திருந்தது.

நிஜ வண்டு இல்லை. சென்ற மாதம் மூன்றாம் சந்தில் காற்றமுக்கி ஒன்று வெடித்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் மறுநாள் விடிந்ததிலிருந்து கனியின் இடது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். சாப்பிடும்போது, குளிக்கும்போது, பேசும்போது எப்போதும் அது இருந்தது. ஊர் முழுக்க வாய் மூடுகிற அந்த ஒன்பது நிமிஷத்தில் அதற்கு எங்கிருந்தோ இன்னும் பலம் வந்துவிடும். எந்தச் சுவரில் செம்பை வைத்தாலும் சுவர் பேசுவதுபோலவே இருந்தது.

ஒரு நாள் தாங்கமாட்டாமல் சிவப்பு மணியை அடித்துவிட்டாள். நாற்பது குடும்பம் அழுத்த உடைக்குள் புகுந்து, பதுங்கு அறைக்கு ஓடியது. சுவரின் உள்தோலை அறுத்துப் பார்த்தார்கள். பொத்தல் இல்லை. ஒன்பது நாள் கழித்து இன்னொரு தடவை அடித்தாள். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை தப்பாக அடித்தால் செம்பை வாங்கிக்கொள்வார்கள். பிறகு பாசித் தொட்டியில் துடுப்புப் போட்டுக் கிண்டுகிற வேலைதான். போதாக்குறைக்கு வருஷாந்தரக் காதுப் பரீட்சைக்கு நாற்பது நாள்தான் பாக்கி. செம்பு இல்லாத கனியை இந்த ஊரில் யார் கண்டுகொள்வார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருத்தர் பேரும் நினைவுக்கு வரவில்லை.

மருத்துவ எந்திரனுக்கு ஊரார் வைத்தி என்று பேர் வைத்திருந்தார்கள். நல்ல சாது. கனியின் காது மடலில் கடுகளவு காதளவி ஒன்றைப் பொருத்தியது. காது நரம்பு எவ்வளவு இரைகிறது, மனசு அதை எவ்வளவு கவனிக்கிறது என்று இரண்டையும் அது எழுதிக்கொண்டே இருக்கும். செவிச்சில்லு வைத்துச் சத்தத்தை அமுக்கிவிடலாம், ஆனால் சில்லே மெல்ல முனகும், காதாளுக்கு ஆகாது என்றது வைத்தி. ஆகவே இயற்கை முறைதான். உப்பைக் குறை, காப்பியை விடு, கழுத்தையும் தாடையையும் பிடித்துவிடு, மூச்சை நிதானமாக இழுத்து விடு, நன்றாகத் தூங்கு, வீட்டை ஒரேயடியாக நிசப்தமாக வைக்காமல் தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஏதாவது ஓடவிடு.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அம்மா. அதைக் கவனிக்காம இருங்க. கவனிக்கக் கவனிக்கத்தான் அது வளரும்" என்றது வைத்தி.

கனிக்குக் கோபம் வந்துவிட்டது. "கவனிக்கத்தான எனக்குச் சோறு போடுதாங்க. இருவத்திரண்டு வருசமா அதத்தான செய்யுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சத்தத்தைக்கூடப் பொறுத்திருப்பாள். ஜெசிந்தாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜெசிந்தா பக்கத்து வீட்டுக்காரி, அவளும் காதாள். கனியைவிட ஆறு வயது இளையவள். காற்றமுக்கி வெடித்த அன்று இருவரும் தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள். ஒரே வெடி, ஒரே இடம், ஒரே நொடி. அப்படியிருக்க இவள் காதில் மட்டும் வண்டு, அவள் காது மட்டும் பத்திரமா? போகட்டும், கடவுள் கண்ணை மூடிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவள் அதே மாதத்தில் இரண்டு பொத்தலைப் பிடித்தாளே! அதில் ஒன்று, கனி முந்தின நாள் செம்பு வைத்து, ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்ட சுவர் இணைப்பில். மயிரிழை அகலப் பொத்தல். ஊரே ஜெசிந்தா கையைப் பிடித்துக் குலுக்கியது. கனியும் குலுக்கினாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாள்.

அவள் ஏதோ ரகசிய வைத்தியம் செய்கிறாள் என்று கனிக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. இல்லாவிட்டால் வெடிக்குப் பக்கத்தில் நின்ற காது எப்படி மயிரிழைப் பொத்தலைக் கேட்கும்? ஏதோ தழை, ஏதோ தைலம் கிடைத்திருக்கிறது. கிடைத்ததைக் கமுக்கமாக வைத்துக்கொண்டு, "என்னக்கா, சாப்டியளா" என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போகிறாள். கனிக்கு வயிறு எரிந்தது. காலையில் எரிந்தது, மத்தியானம் எரிந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடவே எரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கையில் ஒட்டுச்செம்பு. இதற்கு மேல் ஒரு காதாளை யார் தடுக்க முடியும்?

தினமும் மத்தியான ஓய்வு நேரத்தில் கனி செம்பைச் சுவரில் கவிழ்த்தாள். முதல் நாள் டொக் டொக்கென்று எதையோ இடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் தண்ணீர் சொட்டியது. மூன்றாம் நாள் ஜெசிந்தா நீளமாக 'ம்ம்ம்' என்று முனகினாள். கனி விடவில்லை. அவள் தோட்டக்கூடத்துக்குப் போனால் பின்னாலேயே போய், என்ன தழை வாங்கினாள் என்று பார்த்தாள். புதினா. கனியும் வாங்கினாள். அவள் சீரகத் தண்ணீர் குடித்தால் இவளும் குடித்தாள். அவள் தலை குனிந்து பிடரியில் விரலால் தட்டிக்கொள்வதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, இவளும் தட்டிக்கொண்டதில் கழுத்து பிடித்துக்கொண்டது.

கனியின் புருஷன் தங்கதுரை பனி வெட்டும் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் சோற்றை வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற பெண்டாட்டியைப் பார்த்து, "ஏ கனி, வீட்டுக்குள்ளயும் டூட்டியா?" என்று கேட்டார். வாயில் விரல் வைத்து அவரை அடக்கினாள். அவர் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு போனார்.

வேலையிலும் இதே ஜுரம்தான். வாய்ப்பூட்டு தொடங்கியதும், ஜெசிந்தா அந்தக் கோடியில் எந்தச் சுவருக்குப் போகிறாள், எத்தனை நேரம் நிற்கிறாள் என்பதே நினைப்பு. அவளை முந்திவிட வேண்டும் என்று கனி விறுவிறுவென்று செம்பு வைத்துக்கொண்டே போனாள். நாலாவது வாரம் நீர்த்தொட்டிக்குப் பின்னால் 'உஸ்' கேட்டது. ஒரு கணம்கூடத் தயங்காமல் சிவப்பு மணியை அடித்தாள். அறுத்துப் பார்த்தால் பொத்தல்! ஊர் கையைக் குலுக்கியது. கனி அதைச் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டுக்கு ஒன்று ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பிடித்தால் சமம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து செம்பைச் சுவரில் வைத்தாள்.

பரீட்சை நாள் வந்தது. ஒலிபுகா அறையில் கனியை உட்காரவைத்து, சுவர் வழியாகச் சின்னச் சின்ன உஸ்களை அனுப்பினார்கள். நாற்பதுக்கு நாற்பதையும் பிடித்தாள். அவள் வாழ்நாளிலேயே அதுதான் அதிகம்.

வைத்தி காதளவியை வாசித்தது. வழக்கமாக ஒரு நொடியில் வாசித்துவிடும், அன்று மூன்று நொடி ஆயிற்று. "அம்மா, உங்க நரம்பு முன்ன இரைஞ்ச மாதிரியேதான் இரையுது. ஆனா முப்பத்தெட்டு நாளா உங்க மனசு அதை ஏறெடுத்தும் பார்க்கல. இந்த ஊர்ல இப்படி ஒரு குணத்தை நான் பதிவு செஞ்சதே இல்லை. எந்த முறையைக் கடைப்பிடிச்சீங்கன்னு சொன்னா மத்தவங்களுக்கும் உதவும்."

அப்போதுதான் கனிக்கே உறைத்தது. வண்டு எங்கே? கடைசியாக எப்போது கேட்டது? முதன்முதலாகச் செம்பைப் பக்கத்துச் சுவரில் கவிழ்த்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு அதை நினைத்ததாகவே ஞாபகம் இல்லை. முகம் சூடாகிவிட்டது. "மூச்சுப் பயிற்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். ஜெசிந்தா நின்றாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நாற்பதில் பதினொன்றுதான் அவள் பிடித்தாள் என்று ஏற்கெனவே ஊரில் பேச்சு. கனி நம்பவில்லை. இப்போது முகத்தைப் பார்த்ததும் நம்பினாள்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் ஜெசிந்தா எல்லாவற்றையும் கொட்டினாள். வெடித்த அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு காதிலும் இரைச்சல். வெளியே சொன்னால் செம்பு போய்விடும் என்று பயந்து வைத்தியிடம்கூடப் போகவில்லை. அவளே புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தாள். புதினா இடித்தாள், தண்ணீரைச் சொட்டவிட்டாள், 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தாள், பிடரியில் தட்டினாள். இரைச்சல் எதற்கும் மசியவில்லை. நாள் முழுக்க, குறைந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"அப்ப அந்த ரெண்டு பொத்தல எப்படிட்டி பிடிச்ச?"

ஜெசிந்தா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். இரண்டு விரலில் பிடித்துச் சுவர் இணைப்புக்குப் பக்கத்தில் காட்டினாள். "காத்து இழுத்தா முடி ஆடும்க்கா. காதுதான் போச்சு, கண்ணாவது இருக்குல்லா."

இத்தனை நாளும் தான் எதைப் பார்த்து எரிந்தோம் என்று நினைக்கக் கனிக்கு அவமானமாக இருந்தது. ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு தடவ தப்பா மணி அடிச்சப்பவே உங்களுக்கும் இரையுதுன்னு தெரிஞ்சுட்டு. ஒரே வெடிதானக்கா. உங்களுக்கு மட்டும் எப்படி நின்னுச்சு? நாற்பது நாள்ல எனக்கு மறுபரீட்சை. சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலில் கனியின் வயிற்றெரிச்சல் மிச்சம் மீதி இல்லாமல் அணைந்தது. பொறாமைப்பட இனி அந்தச் சுவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பெரிய பாரம் இறங்கினாற்போல மூச்சு விட்டாள்.

விட்ட மறு நொடியில் இடது காதில் 'ஙொய்' என்றது.

கனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சுவரையும் செம்பையும் காட்டி உண்மையைச் சொன்னாள். "ஒன்னப் பாத்து வயிறு எரிஞ்சேன்ட்டி. அதுதான் என் வைத்தியம். வேற ஒண்ணும் செய்யல."

ஜெசிந்தா கோபப்படவில்லை. அதுதான் அவளிடம் உள்ள குறை. "எனக்கு யார் மேலயும் பொறாமை வந்ததே இல்லியேக்கா, எப்படிப் படணும்?" என்று கேட்டாள்.

கனி சொல்லிக்கொடுத்தாள். மறுநாளிலிருந்து ஜெசிந்தா செம்பு வைக்க, இந்தப் பக்கம் கனி ஜம்பம் அடிக்க என்று ஏற்பாடு. அப்பளம் பொரித்து அந்த வாசனையை அவள் வீட்டுப் பக்கம் விசிறினாள். "என்னங்க, நாற்பதுக்கு நாற்பதுங்க" என்று தங்கதுரையிடம் சத்தமாக நாலு தடவை சொன்னாள். நாலாவது தடவை அவர் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. ஜெசிந்தா வந்து, "நல்லா இருங்கக்கா, கேக்கவே சந்தோசமா இருக்கு" என்பாள். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. இருபத்தைந்து நாள் இப்படியே போயிற்று.

இருபத்தாறாம் நாள் ஊர்க் கூட்டம். கனி மேடையேறி, தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, சுவரோரம் பிடித்துக் காட்டினாள். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் தானே கண்டுபிடித்த முறை என்றாள். கை தட்டி, தோட்டக்கூடத்துப் பூவில் மாலை கட்டிப் போட்டார்கள். முறைக்குக் கனியிழை என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

வைத்தியத்துக்காகத்தான் செய்தேன் என்று கனி இன்றைக்கும் சாதிக்கிறாள். ஆனால் அன்று அவள் மாலையைக் கழற்றாமலேதான் வீடு வரை நடந்தாள்.

ஜெசிந்தா அன்று வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்தவள் யாரோடும் பேசவில்லை. புதினா இடிக்கவில்லை, தண்ணீர் சொட்டவிடவில்லை. செம்பைச் சுவரில் வைத்தவள் எடுக்கவே இல்லை. மறுபரீட்சையில் நாற்பதுக்கு நாற்பது பிடித்தாள். அதுவும் கனி எடுத்துக்கொண்டதைவிட ஆறு நிமிஷம் குறைவாக. அவள் போட்டோவை உணவுக்கூட வாசலில் மாட்டினார்கள். கனி அதைக் கடந்து போகும்போதெல்லாம் நடையை வேகமாக்கினாள். இடது காது சுத்தமாக அடங்கியிருந்தது.

முதல் பரீட்சையில் தோற்ற அன்றே வைத்தி ஜெசிந்தாவுக்கும் ஒரு காதளவி பொருத்தியிருந்தது. இப்போது இருவரின் கோடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறியது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டது. நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவள், செம்பு முதல் மாலை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வைத்திக்குப் பொறாமை என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கோடு பொய் சொல்லாது. அயல்நோக்கு சிகிச்சை என்று பதிவு செய்து, ஊரில் காதிரைச்சல் உள்ள எண்பது பேருக்கும் எழுதிக் கொடுத்தது. உணவுக்கூடத்தில் பெரிய திரை வைத்தார்கள். அவரவர் வீட்டில் அன்று நடந்த நல்லதை அவரவரே படம் எடுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் வேளைக்கு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் எண்பது பேருக்கும் இரைச்சல் அடங்கியது. யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் வைத்தியிடம் அது நோயாக வரவில்லை.

வைத்தி ஒழுங்கான எந்திரன். இதற்கு முன்மாதிரி உண்டா என்று பூமியின் பழைய ஆவணங்களைத் துழாவியது. பிறகு கனியையும் ஜெசிந்தாவையும் அழைத்தது. இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் திரையில் காட்டியது. பூமியில் ஏதோ ஒரு பேருந்து. எல்லோர் கையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. எல்லோர் தலையும் குனிந்திருந்தது. ஒருத்தரின் தகட்டில் யாரோ சாப்பிடுகிற பிரியாணி, இன்னொருத்தரின் தகட்டில் யாரோ போன கடற்கரை, மற்றொன்றில் யார் வீட்டுப் பிள்ளையோ வாங்கிய பரிசு.

"இந்த வைத்தியம் நாம கண்டுபிடிச்சது இல்லை. உங்க முன்னோர்கள் அப்பவே செஞ்சிருக்காங்க. காலையில கண் விழிச்சதும் தொடங்கி, சாப்பிடும்போதும், நடக்கும்போதும் செஞ்சிருக்காங்க. வேளைக்கு அரை மணி நேரம்னு நான் பயந்து பயந்து எழுதிக் கொடுத்தேன். அவங்க ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எடுத்திருக்காங்க" என்றது வைத்தி. அதன் குரலில் முதல்முறையாக இரக்கம் தொனித்தது.

ஜெசிந்தா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் பேசாதவள் தன்னை அறியாமல் கனியின் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டுப் பேருக்குமாக்கா காது இரைஞ்சிருக்கும்?"

"இரையாம என்னட்டி" என்றாள் கனி. "தாங்க முடியாத இரைச்சலா இருந்திருக்கும். இல்லன்னா யாராவது இதப் போய்த் தெனமும் செய்வாங்களா? பாவம்."